உச்சத்துக்குப் போனா வார்த்தை ஏன் கரைஞ்சு போகுது: ஜோன் சதர்லண்ட் குரலுக்குள்ள இருக்கற இயற்பியல்

மேல்நாட்டு இசை நாடகமான ஓபராவ முதல் தடவ கேக்கறவங்க எல்லாரும் சொல்ற ஒண்ணு இருக்கு, குரல் பிரமாதம் ஆனா என்ன பாடறாங்கன்னே புரியல. நமக்கு இத்தாலி மொழி தெரியாது அதனால புரியலன்னு நினைச்சுக்குவோம், ஆனா அந்த உச்சத்துல இத்தாலிக்காரங்களுக்கே பல வார்த்தை புரியாது. பெண் குரல்லயே உயரமான வகைய சொப்ரானோன்னு சொல்றாங்க, அந்தக் குரல்காரங்க மேல இந்தப் புகார் ரொம்ப காலமா இருக்கு. இந்தப் புகார வாழ்நாள் பூரா சுமந்தவங்க ஜோன் சதர்லண்ட். 20-ஆம் நூற்றாண்டோட மிகப்பெரிய குரல்கள்ல ஒண்ணு, ஆனா உச்சரிப்பு குழகுழன்னு இருக்குன்னு விமர்சகர்கள் விடாம எழுதினாங்க. அவங்க மேல அந்தப் பழி முழுசா நியாயமில்லங்கறது என் எண்ணம், ஏன்னு சொல்றேன்.

1926-ல சிட்னில பிறந்தாங்க. அம்மாவுக்கு நல்ல குரல், ஆனா மேடை ஏறினதில்ல, வீட்டுல அம்மா சாதகம் பண்றத கேட்டு கேட்டே வளர்ந்த பொண்ணு. அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. டைப்பிங் கத்துக்கிட்டு ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டே பாட்டுப் போட்டிகள்ல ஜெயிச்சு 1951-ல லண்டன் போனாங்க. கோவென்ட் கார்டன் ராயல் ஓபரா ஹவுஸ்ல எடுத்த எடுப்புல எடுத்துக்கல, 1952-ல தான் சின்னச் சின்ன வேஷமா கிடைச்சுது. அந்த வருஷமே பெரிய பாடகி மரியா காலஸ் கதாநாயகியா பாடின நோர்மாங்கற ஓபராவுல இவங்க தோழி வேஷம்.

அப்போ அவங்க தன்னோட குரல் கனமான குரல், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட ஓபராவுக்கு தான் சரின்னு நம்பிட்டு இருந்தாங்க. 1954-ல கல்யாணம் பண்ணிக்கிட்ட ரிச்சர்ட் பானிங் ஒரு பியானோ கலைஞர், இந்தக் குரல் இன்னும் மேல போகும்னு அவருக்குத் தெரிஞ்சுது. ஜோனுக்கு கேட்ட உடனே இது இன்ன சுருதின்னு சொல்ற காது கிடையாது, அதனால பயிற்சி பண்றப்போ அவங்க நினைக்கறதவிட உயரமான சுருதில அவர் வாசிப்பாரு, அவங்களும் தெரியாமலே மேல பாடிடுவாங்க. எவ்ளோ உயரம்னு தெரிஞ்சா மனசு முதல்ல பயப்படும், உடனே தொண்ட இறுகும், அதத்தான் அவர் தாண்ட வச்சாருன்னு நான் நினைக்கறேன்.

1959 பிப்ரவரி 17. கோவென்ட் கார்டன்ல லூசியா டி லாமர்மூர்ங்கற ஓபரா, லூசியாவா ஜோன். கல்யாண ராத்திரில மாப்பிள்ளைய குத்திட்டு புத்தி பேதலிச்சு வர்ற பொண்ணு பாடற நீளமான காட்சி, அதுல புல்லாங்குழலோட போட்டி போட்டுக்கிட்டு மேல மேல போய் ஈ-ஃப்ளாட்ங்கற ரொம்ப உயரமான சுரத்துல நிக்கணும். ஒரே ராத்திரில உலகப் புகழ். அடுத்த வருஷம் வெனிஸ்ல லா ஸ்டுபெண்டான்னு பேரே வச்சுட்டாங்க, அசர வைக்கறவள்னு அர்த்தம்.

அந்த ஈ-ஃப்ளாட் கிட்டத்தட்ட 1,245 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அத்தன அதிர்வு. நம்ம கச்சேரில 5 கட்டை சுருதில பாடற ஒரு அம்மா மேல் ஸ்தாயி பஞ்சமம் தொட்டா அது 590 பக்கம் தான் வரும், லூசியா அதுக்கும் ஒரு ஸ்தாயி மேல நிக்கறா. தொண்டைக்குள்ள ரெண்டு குரல் நாண், பெண்களுக்கு ஒண்ணு ஒண்ணரை சென்டிமீட்டர் நீளம் தான், அத இழுத்து மெலிசாக்கி செகண்டுக்கு 1,245 தடவ திறந்து மூட வைக்கணும், அஞ்சு செகண்ட் பிடிச்சா ஆறாயிரம் தடவைக்கு மேல. அதுவும் மைக் இல்லாம, முன்னாடி முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கறப்போ, 2,000 பேருக்கு மேல உக்காரற அரங்கத்தோட கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்.

இது எப்படி முடியுதுன்னு புரிய, குழாயடில குடம் நிரம்பறத நினைச்சுப் பாருங்க. தண்ணி ஏற ஏற சத்தம் கீச்சுன்னு மேல போகும், அத வச்சே அடுப்படில இருக்கற அம்மா குழாய நிறுத்துன்னு கத்துவாங்க. குடத்துக்குள்ள இருக்கற காத்து குறையக் குறைய அது எதிரொலிக்கற சுருதி ஏறுது, அவ்ளோ தான். நம்ம தொண்டைலேர்ந்து உதடு வரைக்கும் இருக்கற சுமார் 15 சென்டிமீட்டர் குழாயும் அப்படி ஒரு குடம் தான், நாக்கயும் தாடையையும் உதட்டையும் அசைச்சு அதோட வடிவத்த மாத்தறோம். ஒரு பொண்ணு ஈ-ன்னு சொல்றப்போ அந்தக் குழாயோட முதல் ஒத்ததிர்வு, அதாவது அது எதிரொலிக்கற முதல் சுருதி, 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், ஆ-ன்னு வாய திறந்தா 800 தாண்டும். இதுவும் இதுக்கு மேல இருக்கற ரெண்டாவது ஒத்ததிர்வும் சேர்ந்து தான் நம்ம காதுக்கு இது ஈ, இது ஊன்னு சொல்லுது.

இப்போ சிக்கல் வருது. பேசறப்போ சுருதி 200 சொச்சம் தான், ஒத்ததிர்வு எப்பவும் அதுக்கு மேல இருக்கும். 1,000 ஹெர்ட்ஸ்ல பாடறப்போ பாடற சுருதியே முதல் ஒத்ததிர்வ தாண்டிடும், அப்புறம் குழாய் உதவி பண்ணாது, குரல் சன்னமாயிடும், ஆர்க்கெஸ்ட்ரா முழுங்கிடும். அதனால சொப்ரானோ என்ன பண்றாங்கன்னா சுருதி ஏற ஏற தாடையக் கீழ இறக்கி வாய அகலமாக்கறாங்க, ஒத்ததிர்வும் கூடவே ஏறுது, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா சத்தம் பொங்கி வரும். ஸ்டாக்ஹோம்ல பாட்டுக் குரல ஆராய்ஞ்ச ஜோஹான் சுண்ட்பெர்க் இத 1970-கள்லயே சொன்னாரு. சிட்னில நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியல்காரங்க பாடகியோட கீழ் உதட்டுகிட்ட ஒரு சின்னக் குழாயும் மைக்கும் வச்சு, அவங்க பாடறப்பவே பல சுருதி கலந்த சத்தத்த வாய்க்குள்ள அனுப்பி, எது எதிரொலிச்சு வருதுன்னு நேரடியா அளந்துட்டாங்க, 2004-ல நேச்சர் அறிவியல் பத்திரிகைல வந்துச்சு. கீழ பாடறப்போ ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் ஒத்ததிர்வு தனித்தனி இடத்துல இருக்கு, மேல போகப் போக எல்லாம் சுருதியோட ஒட்டிக்கிட்டு ஒரே கோட்டுல போகுது, 1,000 கிட்ட வர்றப்போ வித்தியாசமே காணோம். அதாவது ஈ-யும் ஊ-வும் ஆ-வும் ஒரே வாய் தான். கடைசி வரிசைக்கு கேக்கறதுக்காக எழுத்த விட்டுக்கொடுக்கறாங்க.

விட்டுக்கொடுக்காம பிடிச்சாலும் புரியாதுங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. குரல்ல அடிப்படை சுருதியோட அதோட மடங்குகளும் சேர்ந்தே வரும். 200-ல பேசினா 200, 400, 600, 800-ன்னு நெருக்கமா புள்ளி வச்ச மாதிரி. 1,000-ல பாடினா 1,000, 2,000, 3,000 அவ்ளோ தான். நிறைய புள்ளி இருந்தா இது என்ன கோலம்னு பாத்த உடனே சொல்லிடலாம், மூணே மூணு புள்ளிய வச்சுட்டு இது தாமரையா தேரான்னு கேட்டா யாரு சொல்ல முடியும். காதுக்கும் அதே கதி. வீட்டுல செஞ்சு பாக்கலாம், எவ்ளோ மேல முடியுமோ அவ்ளோ மேல ஈ-ன்னு பிடிங்க, தாடைல ஒரு கை வச்சுக்கோங்க, அது தானா கீழ எறங்கப் பாக்கும்.

இன்னொண்ணையும் சொல்லணும், சதர்லண்ட் நடு ஸ்தாயில பாடறப்பவும் வார்த்தை மங்கலா தான் இருந்துச்சுன்னு விமர்சகர்கள் சொன்னாங்க, அங்க இயற்பியல் காரணமா வராது. நூல் அறாம ஒரே இழையா குரல் ஓடணும்னு அவங்க எடுத்த முடிவு அது, மெய்யெழுத்த அழுத்தினா இழை வெட்டுப்படும். பழி முழுசா நியாயமில்லன்னு மேல சொன்னது அதனால தான், உச்சத்துல நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஓபரா எழுதறவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. வாக்னர் எழுதின சொப்ரானோ பாகங்கள அதே சிட்னி ஆளுங்க 2009-ல ஆராய்ஞ்சப்போ, உயரமான நோட்டுக்கு வாய் திறக்கற உயிரெழுத்தும் கீழ இருக்கற நோட்டுக்கு மூடற உயிரெழுத்தும் தற்செயலா வர்றதவிட அதிகமா வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. தன்னோட ஓபராக்களுக்கு வார்த்தையும் மெட்டும் அவரே எழுதினவரு, பாடகிகளோட கஷ்டம் அவர் காதுக்கே தெரிஞ்சிருக்கு. மத்தபடி 1983-ல டொராண்டோல மேடைக்கு மேல பாட்டு வரிய போட்டுக் காட்ட ஆரம்பிச்சதும் பாக்கறவங்க தவிப்பு பெருசா குறைஞ்சுது.

மூச்ச சொல்லாம விட முடியாது. நுரையீரல் நிறைஞ்சா ஊதின பலூன் மாதிரி தானா சுருங்கப் பாக்கும், காத்து புஸ்ஸுன்னு வெளிய வரும், அந்த வேகத்துல மெலிசான குரல் நாண் தாங்காது. அதனால விலா எலும்ப விரிச்சபடியே பிடிச்சு, மூச்ச இழுக்கற தசைகளாலயே காத்த தடுத்து தடுத்து விடணும். 1965-ல சதர்லண்ட் ஆஸ்திரேலியால சுத்துப்பயணம் பண்ணப்போ கூட வந்த இளம் பாடகர் லூசியானோ பவரோட்டி, அவங்க பாடறப்போ வயித்துல கை வச்சுப் பாத்து தான் இந்த வித்தைய கத்துக்கிட்டேன்னு பின்னாடி சொல்லிருக்காரு. பாடத்த கையால தொட்டுப் பாத்து படிச்சிருக்காரு மனுஷன்.

1990 அக்டோபர்ல சிட்னி ஓபரா ஹவுஸ்ல அவங்களோட கடைசி முழு ஓபரா, 63 வயசு. எல்லாம் முடிஞ்சு கைதட்டல் நிக்காம இருந்தப்போ ஹோம் ஸ்வீட் ஹோம் பாடினாங்க. மெதுவா போற எளிமையான பாட்டு, ஈ-ஃப்ளாட் உச்சத்துல போய் நிக்கற வேலை அதுல இல்ல.