"அவ்வளவு பெரிய கொலைக் கேஸில் எப்படி சார் விட்டாங்க?"

குற்றவியல் வழக்கறிஞர் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கோபம் நியாயமானது. ஆனால் அது பாய வேண்டிய இடம் பெரும்பாலும் நீதிமன்றம் அல்ல, சம்பவ இடம்.

2008 நொய்டா இரட்டைக் கொலையையே பாருங்கள். மே 16 காலை, 13 வயதுச் சிறுமி தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். வீட்டு வேலைக்காரரைக் காணவில்லை. அவர்தான் கொலையாளி என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. அன்று யாரும் அதை உடைக்கவில்லை. மறுநாள் திறந்தால் அங்கே அவருடைய உடல்! அதற்குள் உறவினர், அக்கம்பக்கத்தார், செய்தியாளர் என்று வீடெங்கும் கால்பட்டுவிட்டது. அப்படிக் கலைந்த தடயத்தை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது.

அப்புறம் தலையணை உறை. வேறொரு வீட்டில், சந்தேகத்துக்கு உள்ளான இன்னொருவரின் அறையில் கைப்பற்றிய உறையில் அந்த வேலைக்காரரின் டி.என்.ஏ. இருப்பதாக ஹைதராபாத் ஆய்வக அறிக்கை சொன்னது. அந்த உறையின் விவரமும் வேலைக்காரரின் அறையில் எடுத்த உறையின் விவரமும் தட்டச்சில் இடம் மாறிவிட்டன என்று 2011-இல் விளக்கம் வந்தது. சரி, உண்மையாகவே இருக்கட்டும். கொலை வழக்கின் சான்றுப் பொருளுக்கே இந்தக் கதி என்றால், நீதிபதி எதை நம்பித் தண்டிப்பார்?

ஆதாரம் போதவில்லை என்று 2010-இல் வழக்கை முடிக்கக் கேட்டது சி.பி.ஐ. நீதிமன்றம் ஏற்கவில்லை, சிறுமியின் பெற்றோர் மீதே வழக்கு நடந்தது. 2013-இல் காசியாபாத்தில் அவர்களுக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள்தான் விளக்க வேண்டும் என்று அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைக் காட்டினால் மட்டும் போதாது. அரசுத் தரப்பு முதலில் தன் வழக்கை நிலைநாட்ட வேண்டும். நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பும் வழக்கில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1984 சாரதா தீர்ப்பிலிருந்தே உறுதியான சட்டம்.

நம்மூர் வழக்குகளில் நான் அதிகம் பார்ப்பது மகஜர் கோளாறு. மகஜர் என்பது, பொருளைக் கைப்பற்றும் இடத்திலேயே எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டிய பதிவு. "எங்கே கையெழுத்துப் போட்டீங்க?" என்று குறுக்கு விசாரணையில் மகஜர் சாட்சியிடம் கேட்பேன். "ஸ்டேஷன்ல சார்." அந்தப் பதிலிலேயே கைப்பற்றிய கத்தியும் ரத்தக்கறைச் சட்டையும் ஆட்டம் கண்டுவிடும்.

உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால், எழுதி முடிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இடம், நேரம், பொருள் மூன்றையும் படித்துப் பாருங்கள். 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 105-ஆம் பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால், அங்கேயே கேளுங்கள்.