ஜூலையில் மலையேற ஜனவரியில் போடும் கணக்கு

சைக்கிள் பந்தய மேலாண்மை கேமில் புதிதாக நுழைகிறவர்கள் முதல் சீசனில் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். நானும் செய்தேன். அணியிலேயே நன்றாக மலையேறும் வீரனை பிப்ரவரியில் தொடங்கி கண்ணில் பட்ட ரேஸுக்கெல்லாம் அனுப்பினேன். மார்ச்சில் பாரிஸ்–நீஸை ஜெயித்துக் கொடுத்தான். ஏப்ரலிலும் சளைக்கவில்லை. ஜூலையில் டூர் டி பிரான்ஸின் முதல் பெரிய மலை வந்தது. உச்சிக்கு இன்னும் 11 கிலோமீட்டர் இருக்கும்போதே அவனுடைய ஆற்றல் பட்டை சிவப்புக்கு இறங்கிவிட்டது. அவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்காக நான் சேர்த்திருந்த துணை வீரன் அவனைச் சாவகாசமாகத் தாண்டிப் போனான்.

கேமில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு என் காலண்டரில் இருந்தது.

இந்த வகை கேம்கள் வீரர்களின் உடலை எப்படிக் கணக்கிடுகின்றன என்பதற்குப் பின்னால் ஐம்பது வருடப் பழமையான ஒரு யோசனை இருக்கிறது. 1970களின் நடுவில், கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் எரிக் பானிஸ்டரும் அவருடைய சகாக்களும் முன்வைத்தது அது. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பெயர் உடல்திறன், மற்றதின் பெயர் களைப்பு. பயிற்சியோ பந்தயமோ, ஒவ்வொரு நாளும் ஊற்றும் தண்ணீர் இரண்டு தொட்டியிலும் சேர்ந்தே விழும். இரண்டுக்கும் அடியில் ஓட்டை உண்டு. உடல்திறன் தொட்டியில் இருப்பது ஊசித்துளை. களைப்புத் தொட்டியில் இருப்பது விரல் நுழையும் ஓட்டை. ஊற்றுவதை நிறுத்தினால் களைப்பு சீக்கிரம் வடிந்துவிடும், உடல்திறன் மெதுவாகத்தான் இறங்கும். இடைப்பட்ட அந்தச் சில நாட்கள்தான் வீரன் 'ஃபார்மில்' இருக்கும் நாட்கள்.

தொட்டிகள் வடியும் கால அளவாக இன்று பயிற்சி மென்பொருள்கள் பரவலாக எடுத்துக்கொள்ளும் எண்கள் உடல்திறனுக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள். அதன்படி முழு ஓய்வில் உடல்திறன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 29 நாட்கள் ஆகும், களைப்பு பாதியாகக் குறைய 5 நாட்கள் போதும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 100 புள்ளி என்று சுமையை அளப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் கைக்கு வரும். ஒரு வீரன் பல மாதங்களாகத் தினமும் சராசரியாக 80 புள்ளி சுமை எடுக்கிறான் என்றால் அவனுடைய உடல்திறனும் 80, களைப்பும் 80, திறனிலிருந்து களைப்பைக் கழித்தால் வரும் புத்துணர்வு பூஜ்யம். இப்போது இரண்டு வாரம் தினம் 120 புள்ளி வீதம் கடும் பயிற்சி கொடுக்கிறோம். உடல்திறன் 91க்கு ஏறுகிறது, களைப்போ 115க்குத் தாவுகிறது. இந்த நிலையில் பந்தயத்துக்கு அனுப்பினால் பழைய 80ஐ விட மோசமாகத்தான் ஓட்டுவான். பிறகு பத்து நாள் சுமையை 50க்குக் குறைக்கிறோம். உடல்திறன் 83, களைப்பு 65. புத்துணர்வு 18ஆக மேலே வந்துவிட்டது, திறனும் தொடங்கிய இடத்தைவிடச் சற்று உயரத்திலேயே நிற்கிறது. என் மலையேறிக்கு நான் கொடுக்காமல் விட்டது அந்தப் பத்து நாளைத்தான்.

ஆகவே சீசன் திட்டத்தைப் பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டும். டூர் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ கிளம்பும். அதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் இளைப்பாறல். அதற்கும் முன் ஜூன் மாதத்தில், பிரான்ஸில் 2025 வரை தோஃபினே என்ற பெயரில் நடந்தது போன்ற ஓர் எட்டு நாள் பந்தயம். அங்கே ஜெயிப்பது நோக்கமல்ல, பந்தய வேகத்தைக் காலுக்குப் பழக்குவதுதான். அதற்கு முன் மே மாதத்தில் உயரமான இடத்தில் மூன்று வாரப் பயிற்சி. நிஜ அணிகள் இதற்காக டெனரிஃப் தீவின் டெய்டே எரிமலைக்கும் ஸ்பெயினின் சியரா நெவாடாவுக்கும் போகின்றன. 2000 மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவு. அதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மலையை விட்டு இறங்கிய பின்னும் சில வாரங்களுக்குப் பலன் நிற்கும். கேமில் இதெல்லாம் ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பொத்தானை எந்தத் தேதியில் அழுத்துவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வீரனுக்கு இப்படி எழுதுவது சுலபம். அணியில் 30 பேர் இருக்கும்போதுதான் தலை சுற்றுகிறது. 30 பேரிலிருந்து டூருக்கு 8 பேரைத் தேர்ந்தெடுக்க 58,52,925 வழிகள் உண்டு. டூரைப் போலவே மூன்று வாரம் நடக்கும் மே மாதத்து ஜிரோ தி இத்தாலியாவுக்கும் ஆகஸ்ட்–செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டாவுக்கும் இதே கதைதான். மார்ச்சில் பாரிஸ்–நீஸும் திரேனோ–அத்ரியாத்திகோவும் ஒரே வாரத்தில் நடக்கும், இரண்டுக்கும் தலா 7 பேர் வேண்டும். எல்லாச் சேர்க்கையையும் சோதிக்க யாருக்கும் நேரமில்லை. அனுபவப்பட்டவர்கள் முதலில் மூன்று நான்கு தலைவர்களின் உச்ச நாட்களை மட்டும் நட்டு வைத்துவிட்டு, மற்றவர்களை அந்தக் கம்பங்களைச் சுற்றிப் படர விடுவார்கள். இதில் அடிக்கடி மறந்துபோகும் விஷயம், துணை வீரனுக்கும் உச்சம் வேண்டும் என்பது. தலைவன் ஜூலையில் உச்சத்தில் இருந்து, மலையில் அவனுக்கு வேகம் பிடித்துக் கொடுப்பவன் மே மாதமே உச்சத்தைத் தொட்டு முடித்திருந்தால் பிரயோஜனமில்லை.

யாரை எங்கே அனுப்புவது என்பதை இயற்பியலே பாதி முடிவு செய்துவிடுகிறது. சமதளத்தில் எதிரி காற்று, செங்குத்து மலையில் எதிரி சொந்த எடை. பாரிஸ்–ரூபேயில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பாதை வரும். அங்கே 60 கிலோ மலையேறியைத் தூக்கி எறிந்துவிடும், 80 கிலோ ஆள் அடித்து நொறுக்கிக்கொண்டு போவான். ப்ரோ சைக்கிளிங் மேனேஜர் போன்ற கேம்கள் மலை, மேடு, சமதளம், கருங்கல், ஸ்பிரிண்ட், தனிநேர ஓட்டம் என்று தனித்தனி மதிப்பெண் கொடுப்பது இதனால்தான். அந்த வரிசையில் யாரும் சீந்தாமல் கிடக்கும் ஒரு எண் உண்டு: மீட்சி. என்னைக் கேட்டால் மூன்று வாரப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கும்போது மலைக்கு அடுத்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

காரணத்தை ஜிரோ–டூர் இரட்டையில் பார்க்கலாம். இரண்டையும் ஒரே வருடத்தில் வெல்வது 1998இல் மார்கோ பன்டானிக்குப் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை, 2024இல் தடேய் பொகச்சார் சாதிக்கும் வரை. அந்த வருடம் ஜிரோ முடிந்த நாளுக்கும் டூர் தொடங்கிய நாளுக்கும் இடையே 34 நாள். தொட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உடல்திறனும் களைப்பும் 90இல் இருக்கும் வீரன் 21 நாள் சராசரியாக 200 புள்ளி சுமை எடுத்தால் திறன் 133, களைப்பு 195. அடுத்த 34 நாளும் நிதானமாக 90 புள்ளி எடுத்தால் திறன் 109, களைப்பு 91. புத்துணர்வு 18, திறனும் பழையதைவிட 19 கூடுதல். அட, டூருக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது!

அப்படியென்றால் ஏன் 26 வருடம் யாராலும் முடியவில்லை? ஜிரோவுக்கு வராமல் முழுத் தயாரிப்போடு டூரில் காத்திருக்கும் எதிராளிகள் ஒரு காரணம். சூத்திரம் எல்லா உடம்புக்கும் ஒரே ஓட்டையைப் போடுவது இன்னொன்று. களைப்பு வடியும் 7 நாளை எடுத்துவிட்டு 15 என்று வைத்துப் பாருங்கள். அதே வீரனின் களைப்பு டூர் தொடங்கும் காலையில் 91 இல்லை, 99. புத்துணர்வு 18லிருந்து ஏறத்தாழ 10க்குச் சரிகிறது. கேமில் மீட்சி என்ற அந்த எண் அளக்க முயல்வது இந்த ஓட்டையின் அளவைத்தான். மீட்சி குறைந்தவனை இரட்டைக்கு அனுப்புவது ஆழம் பார்க்காமல் காலை விடுவதுதான்.

சின்ன ரேஸ்கள்? முதலில் நான் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலகத் தரவரிசைப் புள்ளிகளைப் படித்த பிறகு பார்வை மாறியது. 2023 முதல் டூரை வென்றால் 1300 புள்ளி, டூரில் ஒரு ஸ்டேஜை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றால் 210. பெரிய பெயரில்லாத ஒரு நாள் ரேஸைக் கைப்பற்றினாலே 125 கிடைக்கும். மூன்று வருடப் புள்ளிகளைக் கூட்டித்தான் முதல் பிரிவில் இருக்கும் 18 அணிகளைத் தீர்மானிக்கிறார்கள். 2022 முடிவில் லோட்டோ சூடாலும் இஸ்ரேல்–ப்ரீமியர் டெக்கும் கீழே இறக்கப்பட்டன. அந்த சீசனில் அந்த அணிகள் புள்ளிக்காகச் சின்ன ரேஸ்களைத் தேடித் தேடி ஓடின. என் அணியில் இப்போது இரண்டு ஸ்பிரிண்டர்களின் வேலையே அதுதான். டூருக்கு அவர்களை அழைத்துப் போவதில்லை. அவர்களுக்கும் அதில் வருத்தமிருப்பதாகத் தெரியவில்லை.

போன சீசனில் வேறொன்றைச் சோதித்துப் பார்த்தேன். 2023இல் செப் குஸ் மூன்று பெரிய பந்தயங்களிலும் ஓட்டினார். ஜிரோவில் பிரிமோஷ் ரோக்லிச்சுக்கும் டூரில் யோனாஸ் விங்ககார்டுக்கும் துணையாக இருந்து இருவரையும் ஜெயிக்க வைத்துவிட்டு, அந்த இருவரையும் பின்னால் தள்ளி வுவெல்டாவைத் தானே வென்றார். மூவரும் ஒரே அணி. அன்று என் தலைவனைத் தாண்டிப் போன துணை வீரனை அதே பாதையில் அனுப்பினேன். அவனுடைய மீட்சி 78, அணியிலேயே அதிகம். ஜிரோவில் 31ஆவது, டூரில் 24ஆவது. வுவெல்டாவின் இரண்டாம் வாரம் வரை முதல் ஐந்துக்குள் இருந்தான். 17ஆவது ஸ்டேஜில் பட்டை சிவப்புக்கு இறங்கியது. முடிவில் ஒன்பதாவது. அடுத்த வருடக் காலண்டரில் அவன் பெயருக்கு நேரே மே மாதத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.