கதவு திறக்கும் அரை வினாடி

"வங்கி அட்டையில் பேட்டரி கிடையாது. ஆனாலும் அதைக் காட்டினால் லண்டன் பாதாள ரயிலின் கேட் திறக்கிறது. அதே அட்டையைப் பர்ஸோடு வைத்தால் மட்டும் முரண்டு பிடிக்கிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே கம்பிச்சுருளில் இருக்கிறது.

கேட்டில் உள்ள மஞ்சள் வட்டத்துக்குப் பின்னால் ஒரு சுருள். அதில் ஓடும் மின்சாரம் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸில், அலைகிறது. அட்டையின் பிளாஸ்டிக்குக்குள்ளும் சில சுற்றுகள் கொண்ட மெல்லிய சுருள் உண்டு. மாறும் காந்தப்புலத்தில் சுருளை வைத்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். ஃபாரடே இதை 1831இல் கண்டுபிடித்ததும் லண்டனில்தான். அந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் கட்டடத்துக்கு கிரீன் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இப்படிக் கிடைக்கும் துளி மின்சாரத்தில்தான் அட்டையின் சிப் விழித்துக்கொள்கிறது.

விழித்த சிப் பதில் சொல்ல வேண்டுமே. சொந்தமாக அலை அனுப்ப அதற்குத் தெம்பு இல்லை. இங்கேதான் அழகான தந்திரம். பழைய சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்து விளக்கெரித்தவர்களுக்கு நினைவிருக்கும், பெடல் சட்டென்று கனக்கும். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாலும் விளக்கு எரிகிறதா இல்லையா என்று காலே சொல்லிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் விளக்கை ஒரு தாளத்தோடு போட்டு அணைத்தால், வாயே திறக்காமல் ஓட்டுபவரின் காலுக்குச் செய்தி அனுப்பலாம். அட்டை செய்வது அதுதான். விளக்குபோலத் தன் சுருளில் ஒரு மின்சுமையைப் போட்டு எடுக்கிறது. கேட்டின் சுருளில் மின்னழுத்தம் மயிரிழை அளவு ஏறி இறங்குகிறது. கேட் தன் "காலில்" கனத்தை உணர்ந்து படிக்கிறது.

அந்தத் தாளத்தின் இலக்கணமும் ரசிக்கத்தக்கது. ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 1 அல்லது 0க்கு, 128 அலைகள். பரவலாக உள்ள ஒரு வகை அட்டையில், பிட்டின் முதல் பாதியில் சுமை துடித்தால் 1, பின் பாதியில் துடித்தால் 0. இரண்டு பாதியிலுமே துடித்தால்? ஒரே அட்டை அப்படிப் பேசாது. இரண்டு அட்டைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பிட்டைச் சொல்கின்றன என்று அர்த்தம். பர்ஸோடு வைக்கும்போது நடப்பது இதுதான். யார் பெயரில் கணக்கு எழுதுவது என்று தெரியாமல் கேட் மறுத்துவிடும். மறுத்தால்கூட நல்லதுதான். சில நேரம் புலம் நன்றாகப் படும் அட்டை மட்டும் முந்திக்கொள்ளும். உள்ளே போகும்போது ஓர் அட்டை, வெளியே வரும்போது இன்னொன்று என்றால் இரண்டு பயணமும் பாதியில் நின்றதாகக் கணக்கு. இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள்.

அட்டையைச் சட்டையில் தேய்த்துவிட்டு வைப்பவர்கள் இன்னமும் உண்டு. காந்தப் பட்டையை இழுத்த காலத்தில் அழுக்கைத் துடைப்பதில் அர்த்தம் இருந்தது. சுருளுக்கு அது வெறும் சடங்கு. அட்டைக்குப் பின்னால் உலோகத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பதே பலன் தரும். உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் புலத்தை எதிர்த்து அட்டையைப் பட்டினி போடும். விசிறுவதுபோல் ஆட்டினாலும் பேச்சு பாதியில் அறும். வட்டத்தின் மேல் படும்படி வைத்து, ஒலி கேட்கும்வரை பிடித்தால் போதும்.

நெரிசலில் ஆட்கள் தேங்காமலிருக்க மொத்தப் பேச்சும் 500 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும். அதற்குள் வங்கியைக் கேட்டுப் பதில் வாங்கக் காத்திருக்க முடியாது. ஆகவே கேட் பணத்தைக் கேட்பதே இல்லை. அட்டை போலியா என்பதை அதன் டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கும். தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். திறந்துவிடும். வங்கியோடு பேசுவது அப்புறம். கட்டணமும், ஒரு நாளுக்கு இதற்கு மேல் பிடிப்பதில்லை என்ற நாள் உச்சவரம்பும், தொட்ட இடங்களையெல்லாம் கோத்து மையக் கணினியில் கணக்காகின்றன. அந்த "நாள்" காலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை.

வங்கி அட்டைக்கு முன்பே, லண்டன் பயணத்துக்கென்று 2003இல் வந்த ஆய்ஸ்டர் அட்டையில் இருப்புத் தொகை அட்டைக்குள்ளேயே பதிவாகும். அதன் முதல் தலைமுறைச் சிப்பைக் காத்தது 48 பிட் சாவி கொண்ட, வெளியில் சொல்லாத ஒரு மறையாக்க முறை. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் அதை உடைத்தார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாதென்று சிப் நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. பிறகு வலுவான சிப்புக்கு லண்டன் மாறியது. பூட்டை உடைத்துக் காட்டுபவர்களைக் குற்றவாளிபோல் நடத்துவது மடமை என்பது என் கட்சி. பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குத்தான் முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.

இதையெல்லாம் அறிந்தால் லண்டன் விதிகள் விசித்திரமாகத் தோன்றாது. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். ரயிலில் மண்டலத்துக்கு மண்டலம் கட்டணம் மாறுவதால், கேட் இல்லாத நிலையத்திலும் இறங்கும்போது மஞ்சள் வட்டத்தைத் தேடிப் பிடித்துத் தொட வேண்டும். நீங்கள் எந்தப் பாதையில் போனீர்கள் என்று அட்டைக்குத் தெரியாது, தொட்ட இடம் மட்டுமே பதிவாகும். கனடா வாட்டர், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் போன்ற மாறும் நிலையங்களில் இளஞ்சிவப்பு வட்டங்கள் இருப்பது அதனால்தான். வழியில் அதைத் தொட்டால், நகர மையமான 1ஆம் மண்டலத்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு வந்ததற்குச் சாட்சி. கட்டணம் குறையும்.

ஃபோனில் ஏற்றிய அட்டையும் கையிலுள்ள அட்டையும் ஒரே வங்கிக் கணக்கே ஆனாலும், ஃபோன் கேட்டிடம் சொல்வது வேறு எண். வாட்ச் சொல்வது இன்னொன்று. எதைத் தொட்டு உள்ளே போனீர்களோ அதையே தொட்டு வெளியே வர வேண்டும். ஃபோனில் சார்ஜ் சிவப்பில் இருந்தால் அன்றைக்குப் பிளாஸ்டிக் அட்டையையே தொடுங்கள். அதற்கான மின்சாரத்தைக் கேட்டின் சுருளே கொடுத்துவிடும்.