ஸ்வால்பார்டுக்குப் பாறை அளக்கக் காம்பஸ் கொண்டுபோகிறவர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே காம்பஸ் முள் ஏறக்குறைய கிடையாகவே நிற்கும். அதே காம்பஸை 78 டிகிரி வடக்கில், நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் லாங்கியர்பியன் ஊரில் திறந்தால் முள்ளின் வடமுனை கீழே குத்தி, பெட்டியின் அடியில் உரசி நின்றுவிடும். காந்தச் சரிவு, அதாவது காந்தப் புலம் கிடைமட்டத்திலிருந்து கீழே சாயும் கோணம், அங்கே சுமார் 82 டிகிரி. முள்ளைத் திருப்பும் கிடைமட்டப் புலம் தமிழ்நாட்டில் 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) அளவில் இருக்க, ஸ்வால்பார்டில் 8,000-ஐக்கூடத் தொடாது. அதனால் இங்கே பொருட்படுத்தாத சின்னப் பிசகெல்லாம் அங்கே ஐந்து மடங்காகிறது.

நிலவியலாளர்களின் பிரன்டன் காம்பஸ் என்றால், முள்ளின் தென்பாதியில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருளை வெளிப்பக்கம் நகர்த்தி முள்ளைக் கிடையாக்குங்கள். கண்ணாடியைக் கழற்றிச் செய்யும் வேலை, அறையிலேயே முடித்துவிடுங்கள்.

போன் காம்பஸ் செயலியில் பாறைப் படிவின் சாய்வுக் கோணம் சரியாக வரும், அதை அளப்பது புவியீர்ப்பு. ஸ்ட்ரைக்தான், அதாவது படிவின் கிடைக்கோடு ஓடும் திசைதான், ஏமாற்றும். செங்குத்துப் புலம் கிடைமட்டத்தைப்போல 7 மடங்கு என்பதால், போனை மட்டமாகப் பிடிப்பதில் 1 டிகிரி தவறு திசையில் 7 டிகிரி வரை போகலாம். ஃபெஸ்ட்னிங்கன் கடற்கரையில் படிவுகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கின்றன; அங்கே ஸ்ட்ரைக் 10 டிகிரி தவறினால், 1 கிலோமீட்டர் தள்ளி அந்தப் படிவு வரைபடத்தில் 176 மீட்டர் விலகி உட்காரும்.

அடுத்தது துப்பாக்கி. பனிக்கரடி நடமாடும் இடம், துப்பாக்கியில்லாமல் போக முடியாது. ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே அளந்தால் முள் இரும்பின் பக்கம் சாயும். அளப்பவர் ஒருவர், சில மீட்டர் தள்ளித் துப்பாக்கியோடு காவல் நிற்பவர் இன்னொருவர். சுத்தியலும் அவரிடமே இருக்கட்டும். காந்தத்தன்மையுள்ள டாலரைட் பாறை அருகே வேறு சந்தேகம்: ஒரே நேர்கோட்டில் மூன்று மீட்டர் பின்வாங்கி அதே சிகரத்தை மறுபடி பாருங்கள். எண் மாறினால் பாறையே முள்ளை இழுக்கிறது.

காந்தப் புயலும், அதாவது புவியின் காந்தப் புலம் சிறிது நேரம் குலைவதும், உண்டு. கோடையில் சூரியன் மறையாததால் துருவ ஒளி கண்ணுக்குத் தெரியாது, புயல் மட்டும் நடக்கும். பக்கவாட்டில் 500 நானோடெஸ்லா ஏறினால் முள் 4 டிகிரி அளவுக்குத் திரும்பும். டிராம்சோ புவி இயற்பியல் ஆய்வகத்தின் காந்தமானிப் பதிவுகளை மாலையில் பார்த்து, புயல் நேரத்து அளவுகளைத் தனியே குறியிடுங்கள். நோட்டில் திருத்தாத எண்ணையே எழுதுங்கள். காந்த ஒதுக்கத்தை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) அந்தத் தேதிக்குரிய புவிக்காந்தக் கணக்கு மாதிரியிலிருந்து பிறகு கூட்டலாம். பழைய வரைபடத்தில் அச்சான ஒதுக்கம் வேண்டாம்.

காம்பஸைச் சரிபார்க்க எளிய வழி, 500 மீட்டர் இடைவெளியில் இரு ஜிபிஎஸ் புள்ளிகள் எடுத்து, அவற்றின் திசையைக் காம்பஸ் திசையோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு புள்ளியிலும் 5 மீட்டர் பிழை இருந்தாலும் திசை ஒரு டிகிரிக்குமேல் அவ்வளவாகத் தவறாது.

பனியாற்றின் மேல் மூடுபனி இறங்கிவிட்டால் காம்பஸை உள்ளே வையுங்கள். பிளவுகள் இல்லையென்று ஏற்கெனவே நடந்து பார்த்த ஜிபிஎஸ் தடத்திலேயே, ஒருவரையொருவர் இணைத்த கயிற்றை அவிழ்க்காமல் திரும்புங்கள். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். முதுகுப்பையில் வைத்தால் குளிரில் அது முதலில் கைவிடும்.