உடன்தொற்று: கோ-இன்ஃபெக்‌ஷனுக்கு எந்தத் தமிழ்ச்சொல்?

ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் இரண்டு வேறு கிருமிகள் குடியேறிவிட்டால் அது கோ-இன்ஃபெக்‌ஷன். லத்தீனில் 'இன்ஃபிகெரே' என்றால் சாயத்தில் தோய்ப்பது, கறைபடுத்துவது. 'கோ' என்றால் கூட, சேர்ந்து. நம் 'தொற்று' சாயம் பூசுவதில்லை, பற்றிக்கொள்கிறது. கூட்ட நேரத்தில் பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போகிறோமே, அதே தொற்றுதல்தான். என்னைக் கேட்டால் நோய்க்கு இதுதான் பொருத்தம்.

'இணைத்தொற்று' என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கொரோனா சமயத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தையெல்லாம் 'இணைநோய்' என்று தினமும் படித்துப் பழகிவிட்டோம்; அது கோ-மார்பிடிட்டி, தொற்றாத நோய்களும் அதில் வரும். அந்தக் குழப்பம் வேண்டாமென்றால் 'உடன்தொற்று' என்றே சொல்லலாம். ஒரு தொற்று இருக்கும்போதே பிறகு இன்னொன்று வந்து ஏறினால் அது சூப்பர் இன்ஃபெக்‌ஷன், 'மேல்தொற்று'.

நோய் எப்படிப் பரவும் என்று சமன்பாடு எழுதிக் கணிக்கிறவர்கள் இந்த உடன்தொற்றோடு நிறையவே மல்லுக்கட்டுகிறார்கள். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் மக்களைத் தொற்று வரக்கூடியவர், தொற்று வந்தவர், குணமாகியோ இறந்தோ நீங்கியவர் என்று மூன்று பெட்டியாகப் பிரித்துச் சமன்பாடு எழுதி, 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். நோய் இரண்டானால் மூன்று பெட்டி ஒன்பதாகிவிடும். சரி, பெட்டிகளைப் பெருக்கினால் போதுமா என்றால் போதாது, ஏனென்றால் ஒரு நோய் இன்னொன்றின் வேகத்தையே மாற்றிவிடும். காசநோய்க் கிருமி உள்ளே உறங்கிக் கிடக்கும் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 5 முதல் 10 சதவீதம்தான் நோயாக வெடிக்கும் வாய்ப்பு, எச்.ஐ.வி.யும் இருந்து அதற்குச் சிகிச்சையும் இல்லையென்றால் ஆண்டுக்கே ஏறக்குறைய 10 சதவீதம். இந்த வித்தியாசத்துக்காகச் சமன்பாட்டில் ஒரு பெருக்கு எண்ணைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதை 1 என்று வைத்தால் நோய்கள் ஒன்றையொன்று சீண்டாமல் தத்தம் வழியில் போகும்.

நோயைக் கட்டுப்படுத்துவதையும் இப்படித்தான் எழுதுகிறார்கள். காசநோய்ச் சிகிச்சைக்கு ஒன்று, எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஒன்று என்று 0-க்கும் (சிகிச்சையே இல்லை) 1-க்கும் (முழு முயற்சி) இடையில் ஏறி இறங்கும் இரண்டு எண்கள்; செலவும் நோயாளிகளும் சேர்ந்து எப்போது குறைவாக இருக்கும் என்று தேடுவதுதான் வேலை. இப்படிப்பட்ட பல கணித மாதிரிகளில் அந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. உடம்புக்குள் அப்படியில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் வழக்கமாக நாளுக்கு ஒருமுறை போடும் 50 மி.கி. மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கொடுக்கிறார்கள்.