பிலிமா, டிஜிட்டலா? க்ளிக்குக்குப் பிறகு நடப்பதைப் பார்த்து முடிவெடுங்கள்

மதுரையில் ஸ்டுடியோ நடத்துகிறேன். தாத்தாவின் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். "இதுல பிலிம் போட்டு எடுக்கட்டுமாண்ணே, இல்ல டிஜிட்டல் வாங்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். எதில் படம் அழகாக வரும் என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது. நான் திருப்பிக் கேட்பது வேறு: எடுத்த படத்தை எப்போது பார்ப்பாய், அதுவரை அந்தப் படம் எங்கெல்லாம் போய் வரும்?

டிஜிட்டலில் தவறு அங்கேயே தெரிந்துவிடும். பிலிமில் 36 படமும் முடிந்து, ரோல் கழுவி, ஸ்கேன் ஆகி வருவதற்குள் எந்தப் படத்துக்கு என்ன ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) வைத்தோம் என்பதே மறந்துபோகும். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய நஷ்டம். செலவையும் முழுசாகப் பாருங்கள். ரோல், கழுவும் கூலி, ஸ்கேன், வெளியூர் லேபுக்கு அனுப்பினால் கூரியர், எல்லாவற்றையும் கூட்டி 36-ஆல் வகுங்கள். வருவதுதான் ஒரு க்ளிக்கின் விலை.

வெளிச்சத்தில் இரண்டும் நேரெதிர். தெப்பக்குளத்தில் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை டிஜிட்டலில் கொஞ்சம் ஓவராக, அதாவது தேவைக்கு மேல் வெளிச்சம் விட்டு எடுத்தாலும் வேட்டி மடிப்பெல்லாம் வெளுத்துப் போகும், மீட்க முடியாது. கலர் நெகட்டிவ் பிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப் ஓவரைத் தாங்கிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஆனால் அண்டர் ஆனால், அதாவது வெளிச்சம் போதாமல் போனால், நிழல் பகுதியில் ஒன்றுமே பதிந்திருக்காது. அழகர் வைகையில் இறங்கும் அதிகாலையில் இதுதான் சிக்கல். 400 ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) பிலிமில் 1/30 நொடி கேட்கும் வெளிச்சத்தில், டிஜிட்டலில் 3200 வைத்து 1/250-க்குப் போகலாம். அந்தக் கூட்ட நெரிசலில் கை ஆடாமல் 1/30-ல் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அலங்காநல்லூர் வாடிவாசலுக்கும் டிஜிட்டலையே சொல்வேன்.

நம்ம ஊர் வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை மாதத்தில் ரோலை பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனால் நிறம் கெடும். ஃபிரிட்ஜில் வையுங்கள், எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், நல்ல பழக்கம். வழக்கமாக டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) 20 டிகிரியில் இருக்க வேண்டும். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்பதால் ஐஸ் கட்டி இல்லாமல் நடக்காது. கலருக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி. கால் டிகிரி மாறினாலே நிறத்தில் தெரியத் தொடங்கும் என்பதால் அதை லேபுக்கே விட்டுவிடுவது மேல்.

பழைய கேமராவை நம்பி ரோல் போடுமுன், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் விரலில் கருப்பாக ஒட்டினால் வெளிச்சம் உள்ளே புகும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1960, 70-களின் கேமராக்கள் பலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்குச் செய்யப்பட்டது. அது இப்போது வருவதில்லை. அதே அளவில் 1.5 வோல்ட் போட்டால் பல மீட்டர்கள் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் அண்டர் ஆகும். நெகட்டிவ் தாங்காத பக்கமும் அதுதான். இப்படிச் சோதிக்காத கேமராவோடு அக்கா கல்யாணத்துக்குப் போகாதீர்கள்.

என் முடிவு இதுதான். பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா) ஒன்றை நம்பிக்கையான இடத்தில் வாங்கி, ஆட்டோவைத் தொடாமல், எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் மேனுவலில் பழகுங்கள். படங்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் விட்டுவைக்காமல் இரண்டு இடத்தில் சேமியுங்கள். கண் வெளிச்சத்தைக் கணிக்கத் தொடங்கியதும் ஒரு கருப்பு வெள்ளை ரோல் போட்டு, மகால் தூண்கள், சமணர் மலைப் பாறைகள் என்று அசையாதவற்றில் ஆரம்பியுங்கள். ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே எடுங்கள். லேபில் ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், நெகட்டிவையும் கேட்டு வாங்கி உறையில் போட்டு வையுங்கள். ஸ்கேன் அழிந்தாலும் நெகட்டிவை வைத்து மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.