விடை தெரியும் முன்பே சொல்லிவிட வேண்டும்

வால்டர் கேனன் பிற்காலத்தில் பெரிய உடலியல் அறிஞர். 1900இல் அவர் ஹார்வர்டில் மருத்துவ மாணவர். அறைத்தோழரோ சட்ட மாணவர். சட்டக் கல்லூரியில் உண்மையான வழக்குகளை வைத்து மாணவர்கள் ஆர்வமாக வாதாடினார்கள். மருத்துவக் கல்லூரியில் மணிக்கணக்கில் விரிவுரை. நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து நாமும் ஏன் படிக்கக் கூடாது என்று கேட்டு கேனன் அந்த ஆண்டே ஒரு கட்டுரை எழுதினார்.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் கேபட் இந்த யோசனையை வளர்த்தெடுத்தார். 1910 வாக்கில் அங்கே தொடங்கிய கூட்டங்களின் முறை எளிமையானது. இறந்துபோன ஒரு நோயாளியின் விவரங்களை, முடிவை மட்டும் மறைத்து, ஒரு மருத்துவரிடம் கொடுப்பார்கள். அவர் எல்லார் முன்னிலையிலும் யோசித்து இன்ன நோய் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் நோயியல் நிபுணர் எழுந்து, பிரேதப் பரிசோதனையில் கண்டதைச் சொல்வார். 1912இல் கேபட் மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளை மருத்துவர்களின் கணிப்போடு ஒப்பிட்டு வெளியிட்டார். சர்க்கரை நோயும் டைபாய்டும் பெரும்பாலும் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தன. திடீர் சிறுநீரக அழற்சி போன்றவை பெரும்பாலும் தவறிப்போயிருந்தன. இதை மறைக்காமல் அச்சில் போட்ட துணிச்சல்தான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

இந்த முறையின் உயிர், விடை தெரியும் முன்பே வாய்விட்டுச் சொல்ல வைப்பதில் இருக்கிறது. விடை தெரிந்துவிட்டால் எல்லா அறிகுறியும் அதையே சுட்டுவது போலத் தோன்றும்; "எனக்கும் அதுதான் பட்டது" என்று மனம் நம்பிவிடும்.

ஓர் உதாரணம். நெடுநாள் ரத்த அழுத்தம் உள்ள, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சுவலியோடு வருகிறார். இ.சி.ஜி.யில் சிறு மாற்றம். மாரடைப்பு என்று வகுப்பே சொல்லும். ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, "வேறு என்னவாக இருக்கலாம்? அப்படியானால் எதைத் தேடுவீர்கள்?" என்று கேட்கிறார். வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதா, தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருந்ததா என்று ஒருவர் கேட்கிறார். எடுத்த எடுப்பிலேயே உச்சம், முதுகுக்கும் போனது என்கிறார் ஆசிரியர். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்கிறார் இன்னொருவர். வலது கையில் 170, இடது கையில் 130. இப்போது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கிறது. மாரடைப்பு என்று நம்பி ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றியிருந்தால் உயிரே போயிருக்கலாம். முதலில் தோன்றிய விடையோடு தேடலை நிறுத்திவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பாடநூலின் பத்து பக்கங்களால் இப்படி உறைக்கவைக்க முடியாது.

முதல் விடை சீக்கிரம் தோன்றுவதில் தப்பில்லை. மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஆர்தர் எல்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1978இல் வெளியிட்ட ஆய்வின்படி, அனுபவசாலிகளும் ஆரம்பத்திலேயே சில ஊகங்களைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறார்கள். ஒரு நோயாளியிடம் சரியாகக் கணித்தவர் அடுத்தவரிடமும் அப்படியே கணிப்பார் என்று சொல்ல முடியாது என்பதும் அதில் தெரியவந்தது. அதாவது, துப்பறியும் திறமை என்று பொதுவாக ஒன்றைக் கற்றுவிட்டு எல்லா நோய்க்கும் பயன்படுத்த முடியாது. விதவிதமான நோயாளிகளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இதில் ஒரு குறையும் உண்டு. கூட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அபூர்வமான, குழப்பமான நோய்களை. அவற்றையே கேட்டு வளரும் இளம் மருத்துவர் சாதாரணக் காய்ச்சலிலும் அபூர்வத்தைத் தேடலாம். அதனால், பார்க்க ஒன்றுபோல இருக்கும் மாரடைப்பு, தமனிக் கிழிசல், வெறும் தசைவலி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுவதே மேல் என்று நான் நினைக்கிறேன்.

நோயியல் நிபுணரின் அந்த இரண்டாம் பாதிதான் இப்போது அருகிவருகிறது. பல நாடுகளில் மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. வீடு திரும்பியவரோ வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார். தன் கணிப்பு பலித்ததா என்பதே பல மருத்துவர்களுக்குத் தெரிவதில்லை. அனுப்பிவைத்த நோயாளிக்கு என்ன ஆனது என்று சில வாரம் கழித்து விசாரித்து, தான் அன்று எழுதிவைத்த கணிப்போடு ஒப்பிடும் பழக்கத்தையும் பயிற்சியிலேயே சேர்க்க வேண்டும்.